கார்டில் மட்டும் நடந்த ஆப்பரேஷன்

காப்பீட்டு மோசடி பற்றிக் கட்சிகள் சண்டை போட்டதில், அதியன்னூரில் எங்கள் வீட்டுக்கும் விசாரணை வந்தது. "வீட்டுக்காரருக்குக் குடல்வால் ஆப்பரேஷன் நடந்ததா?" என்று அதிகாரி கேட்டார். நடக்கவே இல்லை. மருத்துவ முகாமில் வீட்டுக்காரர் கைரேகை மட்டும்தான் வைத்தார்; அதை வைத்துக் காப்பீட்டு கார்டில் ஆப்பரேஷன் நடந்ததாக எழுதிவிட்டார்கள். ஆனால், கார்டு எடுத்துத் தந்த கட்சிக்காரர் முந்தின நாளே வந்து, "நடந்துதுண்ணு சொல்லணும் அக்கா. இல்லேண்ணா கார்டு போயிருமாக்கும்" என்று சொல்லியிருந்தார். நடந்தது என்று கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதத்தில் வீட்டுக்காரருக்கு நிஜமாகவே வயிற்றுவலி வந்தது. கார்டு விவரத்தைப் பார்த்த டாக்டர், "குடல்வால் முன்னமே எடுத்ததுதானே?" என்று என்னிடம் கேட்டார். பொய் வெளியே வந்துவிடுமே என்று தலையாட்டினேன். வாயு மாத்திரையோடு வீட்டுக்கு வந்தோம். மறுநாள் குடல்வால் வெடித்துவிட்டது. உயிர் மிஞ்சியது, பழைய ஆளாக அவர் எழவில்லை.

இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "கார்டில உள்ளது பொய், சாரே. அதுக்குக் கையெழுத்து போட்டது நானாக்கும்."