மல்லாட்டைக்கு எழுதிய யூரியா

நேற்று சிதம்பரம் பேருந்து நிலையத்தில் அவித்த மல்லாட்டை வாங்கினேன். எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர்; வேறு பெயர் சொன்னால் எனக்கு ருசிக்காது. ஓட்டை உடைத்ததும் எழுந்த ஈரமண் வாசனை என்னை நேராக மங்கலம்பேட்டையில், என் முதல் வேலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

எந்தப் பயிருக்கு என்ன உரம், எத்தனையாவது நாள் என்று விவசாயிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. வயலை விடக் கரும்பலகையை அதிகம் பார்த்தவள் நான். என்னைவிட நாலைந்து வயது மூத்த ரோசி அக்கா, கணவர் இறந்தபின் ஒற்றை ஆளாக ஒரு ஏக்கர் மல்லாட்டை போட்டிருந்தார். அந்த வருஷம் வீட்டுக்குச் சோறு அதுதான். நாற்பத்தைந்தாம் நாள் செடியைச் சுற்றி மண் அணைக்கும்போது ஜிப்சம் போட வேண்டும். பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கும் சமயம் அது. காய் திரள அப்போது சுண்ணாம்புச் சத்து வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் பார்த்தேன். யாருடைய நெல்லுக்கோ எழுத வேண்டிய யூரியாவை ரோசி அக்காவின் சீட்டில் எழுதியிருந்தேன். நாற்பத்தைந்தாம் நாள் முந்தின தினமே போய்விட்டது.

உடனே கிளம்பி, விருத்தாசலத்தில் பஸ் மாறி மங்கலம்பேட்டைக்கு ஓடினேன். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஓட்டுநரை மனதுக்குள் திட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார்!

வாசலிலேயே ரோசி அக்கா நின்றார்.

“அக்கா, உரம் போட்டுட்டீங்களா?”

“எங்க மேடம்? நேத்து எங்க மாதா கோயில் தேரு. வேலைக்கு ஒரு ஆளு வரல. மூட்ட அப்பிடியே கெடக்கு.”

அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. செய்த தப்பைச் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

“போட்டிருந்தா?”

“செடி மட்டும் தளதளன்னு நிக்கும். காய் உள்ள பருப்பில்லாம பொக்கா போயிருக்கும்க்கா.”

அவர் மூட்டையை ஒரு தரம் பார்த்தார். பிறகு, “மறைக்காம ஓடியாந்து சொன்னீங்களே. இப்ப என்ன போடணும், அதச் சொல்லுங்க” என்றார்.

மறுநாள் மூட்டையை மாற்றி வந்தோம். நான் ஜிப்சம் தூவ, அவரும் ஆட்களும் மண் அணைத்தார்கள். அறுவடையன்று முதல் செடியைப் பிடுங்கி என் முன்னால் உதறினார். கொத்துக் கொத்தாகக் காய். ஒன்றை உடைத்தேன், இரண்டு பருப்பும் ஓட்டை முட்டிக்கொண்டிருந்தன. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இப்போது அந்த நிலத்தில் சவுக்கு நிற்கிறது. ரோசி அக்கா வடலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் போனில் கேட்டேன்: “மல்லாட்ட இல்லாம கஷ்டமா இருக்காக்கா?”

“அட போங்க மேடம்! களை எடுத்து எடுத்து ஒடிஞ்ச இடுப்பு இப்பதான் நிமிந்திருக்கு” என்று சிரித்தார்.