கிளஃபீராவின் குரல்

பினேகா ஆற்றுக்கரையில் தாயில்லாக் கரடிக் குட்டிகளை வளர்க்கும் எங்கள் கொட்டடியில் ஒரே சட்டம்தான். குட்டிகள் முன்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது. மனிதக் குரலைச் சோறென்று பழகிய குட்டி, வசந்தத்தில் காட்டில் விட்டதும் ஊருக்குள் வரும். சுட்டுத் தள்ளுவார்கள்.

கிளஃபீரா அக்கா மரம் வெட்டுகிற முகாமில் சமைத்தவள். அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் ஊரில் இல்லை. குட்டிகளின் வேலிக்குள் போனால் மட்டும் ஊமை.

"வீட்டுக்குப் போயி அடுப்புகிட்ட பேசித் தீத்துக்குவேன்டா யெஃபீம். அது உன்ன மாதிரி குறுக்க பேசாது" என்பாள் என்னிடம்.

அந்த வருஷம் இரண்டு குட்டிகள். ஓட்ஸ் கஞ்சியைத் தின்று பீப்பாய் மாதிரி ஊதிப்போயிருந்தன. சாய்ந்த மரத்தின் வேருக்கடியில் பள்ளம் பறித்துப் பாசியை உள்ளே இழுத்துப் போட்டன. முதல் குளிர்கால உறக்கம். சொல்லிக்கொடுக்கத் தாய் இல்லை. ஒன்றையொன்று கடித்துக்கொண்டே தோண்டின.

முதல் பனி விழுந்த காலையில் கிழட்டு ஆண்கரடி ஒன்று வேலியைப் பிய்த்துக்கொண்டு நுழைந்தது. நாங்கள் கஞ்சி வாளியோடு போனபோது பெண்குட்டியின் முதுகெலும்பு அதன் வாயில் நொறுங்கியது. அதை உதறிவிட்டு ஆண்குட்டியின் மேல் பாய்ந்து காதைத் தோலோடு கிழித்தது.

கிளஃபீரா கத்தினாள். முகாமில் கற்ற வசவு அத்தனையும் வந்தது. வாளியாலேயே அதன் மூக்கில் அடித்தாள். அது ஓங்கி விட்ட ஒரே அறையில் அவள் தோள் சதை பிய்ந்து தொங்கியது. நான் முதுகில் தொங்கிய துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்துச் சுட்டேன். கரடி ஓடிவிட்டது.

பிழைத்த குட்டி நேரே அவளிடம் வந்து அவள் பூட்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முனகியது.

"அந்தப் பிஞ்ச வேலித் தடிய எடு" என்றாள்.

"ரத்தம் கொட்டுதுக்கா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"பனி விழுந்தாச்சு. இன்னைக்கே குழிக்குள்ள போனாலும் போயிரும். என் குரல நம்பிக்கிட்டே தூங்கும், முழிச்சதும் ஊருக்குப் போயி குண்டு வாங்கும். எடுடா, சோம்பேறி."

"வா கண்ணு" என்று கொஞ்சிக் கூப்பிட்டாள். வந்தது. கிழிந்த காதின் மேலேயே அடித்தாள். மறுபடி, "வா கண்ணு." மறுபடி வந்தது. மூக்கில் ரத்தம் பீறிட்டது. அவள் தோளிலிருந்தும் வழிந்து தடி வழுக்கியது. கடைசியில் அந்தச் சொல்லைக் கேட்டதுமே குட்டி அலறிக்கொண்டு குழிக்குள் புகுந்தது. அதற்குப்பின் வெளியே வரவில்லை.

பனி உருகியபோது எலும்பும் தோலுமாக எழுந்து வந்தது. காட்டுக்கு விட வேலிக் கதவைத் திறந்தேன். கிளஃபீரா வேலியோரம் நின்று, "வா கண்ணு" என்றாள்.

கிழியாத ஒற்றைக் காது விறைத்தது. திரும்பிக்கூடப் பாராமல் காட்டுக்குள் பாய்ந்தது.

தூக்க முடியாத கையை மறுகையால் பிடித்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள்.

"என்னடா வேடிக்க? கதவச் சாத்து."