கேள்வி கேட்காத சாஃப்ட்வேர்

எனக்கு மத்தியானத்தில் ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது. யாருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்காமல், யாரையும் கைத்தாங்கலாகப் பிடிக்காமல், சும்மா கண்ணை மூடிக்கொண்டு கிடக்க. அதற்காகத்தான், மரம் செதுக்கும் ஒரு சின்ன மெஷினுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

மெஷின் என் கணவருடையது. ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் ஓட்டும் பெரிய பெரிய மெஷின்களோடு காலம் தள்ளியவர். ஓய்வு பெற்றதும் அதே வகையில் ஒரு குட்டியைப் பாகம் பாகமாக வரவழைத்து, குகட்பள்ளி வீட்டுப் பால்கனியில் தானே பூட்டினார். துணி காயப்போடும் கொடி கூடத்துக்கு வந்தது. படத்தை லேப்டாப்பில் கொடுத்தால், வேகமாகச் சுழலும் ஒரு முனை பலகைமேல் ஊர்ந்து அதைச் செதுக்கும். லேப்டாப்பிலிருந்து மெஷினுக்குக் கட்டளை போடுவது இந்த சாஃப்ட்வேர். அவர் வைத்திருந்ததில் திரை முழுக்க எண்களும் பொத்தான்களும்தான். தொழிற்சாலையை விட்டு வந்த மனிதருக்கு அது பிடித்திருந்தது.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சு போயிற்று, எழுத்தும் பிடிபடாமல் போயிற்று. கொஞ்ச நாளில் இரண்டு சொல் மட்டும் திரும்பி வந்தன: ஹவ், நக்கோ. ஆமாம், வேண்டாம். அவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தெருவில் பந்து விளையாடிய பையன்களோடு பேசிய உருதுப் பேச்சு அது. என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய தமிழ் வரவில்லை, இது வந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது. அந்த இரண்டையும் மாற்றி மாற்றி வேறு சொல்வார். காபி வேண்டுமா என்றால் நக்கோ என்று சொல்லிக்கொண்டே டம்ளருக்குக் கை நீட்டுவார்.

அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை பால்கனிதான். நடத்திக்கொண்டுபோய் மெஷின் முன்னால் உட்கார வைப்பேன். இடது கையால் மௌஸைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்ப்பார். எது என்ன பொத்தான் என்று தெரியாது. பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நான்தான் ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். அவரே தனியாக ஓட்ட முடிந்தால் நான் போய்ப் படுக்கலாம். என் கணக்கு அவ்வளவுதான்.

புனேயில் இருக்கும் மகனைக் கேட்டேன். ஒன்றை வாங்கி, அங்கிருந்தபடியே லேப்டாப்பில் ஏற்றியும் கொடுத்தான்.

"இதுதாம்மா பெஸ்ட். ரொம்ப ஸேஃப். எது பண்ணாலும் ஒரு தடவை கன்ஃபர்ம் கேக்கும்."

கேட்டது. எதைத் தொட்டாலும் கேட்டது. ஒரு நாள் குக்கரை அணைக்க எழுந்து போனேன். திரும்பி வரும்போது, பலகையை இறுக்கியிருந்த இரும்புக் கவ்வியை நோக்கி முனை போய்க்கொண்டிருப்பதைக் கூடத்திலிருந்தே பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். சரியாக நிறுத்தும் பொத்தானைத்தான் அழுத்தினார். உடனே திரையில் ஒரு பெட்டி எழும்பி, நிஜமாகவே நிறுத்தலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஆமாம் ஒரு பக்கம், வேண்டாம் ஒரு பக்கம். வேண்டாம் என்பதை அழுத்தினார். மெஷின் சொன்னபடி கேட்டுத் தொடர்ந்து ஓடியது. நான் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்குவதற்குள் முனை முறிந்து சுவரில் தெறித்தது. அவர் நக்கோ, நக்கோ என்று கத்திக்கொண்டிருந்தார்.

மெஷினை விற்றுவிடப் போகிறேன் என்று அன்று சாயங்காலம் மகனிடம் போனில் சொன்னேன், அவர் காதில் விழும்படியே. அவர் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தத் தெம்பு இல்லை.

ஆனால் விற்கவும் மனசு வரவில்லை. மறுநாளிலிருந்து நானே தேட உட்கார்ந்தேன். இதற்கென்றே இணையத்தில் கூடுகிற கூட்டம் இருக்கிறது. வேகம், துல்லியம் என்று ஒருவரோடொருவர் சண்டை. லினக்ஸ்தான் சரி என்றார் ஒருவர், அதற்குப் பழைய கம்ப்யூட்டர் தேட வேண்டும் என்றார் இன்னொருவர். எழுத்து பிடிபடாத, ஒற்றைக் கையோடு இருக்கும் ஒருவர் எதை வைத்து ஓட்டுவார் என்று அங்கே ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நான் ஒவ்வொன்றாக இறக்கி ஒன்றை மட்டும் சோதித்தேன். நிறுத்து என்றால் நிற்கிறதா, திருப்பிக் கேட்கிறதா?

கடைசியில் அகப்பட்டது இலவசமான ஒன்று. வேண்டாத கட்டங்களை அதில் மறைத்துவிடலாம். மறைத்து மறைத்து, நாலு அம்புக்குறிகளும் ஓட்டப் பச்சையும் நிறுத்தச் சிவப்பும் மட்டும் மிச்சம் வைத்தேன். சிவப்பை அழுத்தினால் மறுபேச்சு இல்லாமல் நின்றது.

"அம்மா, இதுல ஒண்ணுமே இல்லையேம்மா," என்றான் மகன்.

"அதுக்குத்தாண்டா எடுத்தேன்."

பலகை வைக்காமல் வெறுங்காற்றில் ஓடவிட்டுப் பழக்கினேன். நடுவில் திடீரென்று, "நிறுத்துங்க," என்பேன். முதலில் தடுமாறினார். போகப் போக நான் வாயைத் திறப்பதற்குள் சிவப்பை அழுத்திவிட்டு, போதுமா என்பதுபோல் முறைத்தார்.

அப்படியும் நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. பயம் ஒரு பக்கம். தனியாக விட்டால் இவளும் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொள்வாரோ என்பது இன்னொரு பக்கம். எதற்காக இத்தனை பாடுபட்டேனோ அதை எடுத்துக்கொள்ளாமல், கண் எரிய உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மத்தியானம் பலகையை இறுக்கிக் கொடுத்தேன். அவர் பச்சையை அழுத்தாமல் என்னைப் பார்த்தார்.

"தண்ணி வேணுமாங்க? பாத்ரூம் போகணுமா?"

உள்ளே செல்போன் அடித்தது. எடுக்கப் போனேன். பின்னால் ஏதோ உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினால், அவர் தானாக எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வந்து, பால்கனியின் கண்ணாடிக் கதவை இடது கையால் தள்ளி மூடிக்கொண்டிருந்தார். பாதியில் சிக்கியது. தோளைக் கொடுத்து முழுக்க மூடினார். கண்ணாடி வழியாக ஒரு தரம் என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. திரும்பிப் போய் உட்கார்ந்து மெஷினை ஓடவிட்டார்.

அவரைக் கவனித்துக் கவனித்து நான் ஓய்ந்துபோயிருந்தது உண்மை. நான் ஓயாமல் கவனிப்பதில் அவரும் ஓய்ந்துபோயிருப்பார் என்று எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. போனை எடுக்கவில்லை. அறைக்குப் போய்ப் படுத்தேன். கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு தூங்கிவிட்டேன்.