வீட்டின் வயது

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். பானை, கூஜா, வாழையிலை, மாம்பழம் இவற்றைப் பார்த்து வரையச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்தில் சித்திரக் கண்காட்சி வைப்போம். ஒரு வருஷம், கோபுரத்தை விட்டுவிட்டு அதன் எதிரே இருக்கும் தெருவை மட்டும் பென்சிலில் வரைந்து மாட்டியிருந்தேன். சாக்கடை, மாட்டு வண்டி, சாய்ந்த தாழ்வாரம் எல்லாம் அதில் இருந்தன. யாரும் அதன் முன்னால் நிற்கவில்லை. ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

அவர் ஓய்வுபெற்ற ஓவர்சியர். பாலமும் மதகும் கட்டியே வயதானவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், காகிதத்தில் இங்கிலீஷ். “கோயிலை வரைய ஆயிரம் பேரு இருக்காங்க. சாக்கடையை வரைய ஆள் இல்ல. நீங்க எனக்கு வேணும்” என்றார். அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது.

அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. ஊர்களை எப்படி அமைக்க வேண்டும் என்பதைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம். மதராஸிலிருந்து பார்சலில் வரவழைத்திருந்தார். நல்ல கனம். பக்கத்துக்குப் பக்கம் சீமை ஊர்களின் படங்கள். தெருவுக்கு வெயில் எப்படி விழ வேண்டும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், இரண்டு வீட்டுக்கு நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. இதை ஊர் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு ஒரு பிடிவாதம். “வீடு கட்டுறவன் மேஸ்திரிகிட்ட பேசுறான். ஊரு கட்டுறதைப் பத்தி எவனும் எவன்கிட்டயும் பேச மாட்டேங்கிறான்” என்பார்.

ராஜபாளையத்தில் ஒரு ரீடிங் ரூம் இருந்தது. அதன் தலைவர் பஞ்சு வியாபாரி, நிலபுலன்களும் உண்டு. ஓவர்சியர் போய்க் கேட்டதும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஹாலைக் கொடுத்துவிட்டார். நான் புத்தகத்திலிருந்த படங்களைப் பெரிய காகிதங்களில் பெயர்த்து வரைவேன். காலையில் சர்ச் ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டு, காகிதச் சுருளோடு பஸ் ஏறுவேன். ஓவர்சியர் பேசுவார், நான் படத்தைக் காட்டி விளக்குவேன், பிறகு யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

முதல் ஞாயிறு பதினோரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் மாஜிக் லாந்தர் விளக்கில் சிலைடுப் படம் காட்டுவார்கள் என்று நினைத்து வந்தவர்கள். படங்களைப் பார்த்துவிட்டு ஒருவர், “அந்த ஊருல மாட்டை எங்கன கட்டுவாவ?” என்று கேட்டார். ஓவர்சியர் புத்தகத்தைப் புரட்டினார். அதில் மாடு இல்லை. “அது நாமதான் யோசிக்கணும்” என்றார். சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரம் முப்பது பேர் வந்தார்கள். சாக்கடை யார் வாசல் வழியாகப் போவது என்பதில் இரண்டு தெருக்காரர்கள் சண்டையே போட்டார்கள். எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது. திரும்பும் பஸ்ஸில், நாங்கள் எதையோ தொடங்கிவிட்டோம் என்று நெஞ்சு நிறைந்து உட்கார்ந்திருப்பேன்.

சில மாதங்கள் கழித்து, ராஜபாளையம் எப்படி இருக்க வேண்டும் என்று நானும் ஓவர்சியரும் சேர்ந்து ஒரு படம் போட்டோம். ஆறு காகிதங்களை ஒட்டி, வர்ணம் தீட்டி, சுவர் முழுக்க மாட்டினோம். அன்று ஹால் நிறைந்துவிட்டது. ஜின்னிங் ஆலையில் வேலை பார்க்கும் சில பெண்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கேள்வி நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் கேட்டாள். முப்பது வயது இருக்கும். முடியில் பஞ்சுத் தூசி.

“சார்வாள், அந்தப் பச்சை தீட்டியிருக்கே, அது எந்த எடம்?”

“ஓடைக்கரை அம்மா. அங்கே மரம் வைத்து, உட்கார பெஞ்சு போட்டு…”

“அங்கன நாங்கள்லா இருக்கோம்?”

ஹாலில் சிரிப்பு எழுந்தது. ஓடைக்கரையில் குடிசைகள் இருப்பது எனக்குத் தெரியும். பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் தண்ணீர் ஓடும் இடங்களுக்கெல்லாம் பச்சை தீட்டியிருந்தது, நானும் தீட்டினேன். அவ்வளவுதான் நடந்தது.

தலைவர் நாற்காலியிலிருந்தபடியே, “உங்களுக்கு நல்ல எடமாப் பாத்துக் குடுப்போம்மா” என்றார்.

“நல்ல எடம் வேண்டாம் மொதலாளி. இருக்கிற எடத்துல ஒரு கெணறு போதும்” என்றாள்.

அன்று மாலையே ஓவர்சியர் என்னிடம், “அவங்க வீடு இல்லாம ஒரு படம் போட்டோமே, அது படமா?” என்றார். அடுத்த ஞாயிறு முதல் கூட்டத்தை நிறுத்திவிட்டு, ஓடைக்கரையை அளக்கப் போனோம்.

முதலில் அவர்கள் பயந்தார்கள். அந்தப் பெண்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு வாசல் வாசலாக நடந்தாள். “படத்துல நம்ம வீட்டைப் போடப் போறாவ. டேப்பைப் பிடிங்க” என்றாள். அவள் புருஷன் பாரவண்டி ஓட்டுகிறவர், பேச்சு குறைவு. டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடைச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி நின்றார். நாற்பத்து மூன்று வீடுகள். எல்லாம் மண் சுவர், பனையோலைக் கூரை. ஒவ்வொரு ஐப்பசியிலும் ஓடையில் வெள்ளம் வரும், நாலைந்து வீடு விழும், தை மாதத்தில் திரும்ப எடுத்துக் கட்டுவார்கள். கரைக்குக் கல் கட்டினால் சுவர்கள் நிற்கும், ஜனங்களுக்கு வருஷா வருஷம் இந்தப் பாடு இருக்காது என்று ஓவர்சியர் கணக்குப் போட்டார். அதைக் காட்டுவதற்காக நான் ஒவ்வொரு வாசலிலும், “இந்த வீடு கட்டி எத்தனை வருஷம்?” என்று கேட்டேன்.

“போன மழையில உழுந்துட்டு சார்வாள். இப்பதான் ஒரு வருசம்.”

ஒன்று என்று எழுதினேன். அடுத்த வீடு இரண்டு. அதற்கடுத்தது மூன்று. எந்த வீடும் ஐந்தைத் தாண்டவில்லை. படத்தின் ஓரத்தில் கட்டம் போட்டு, வீட்டு எண், நீளம், அகலம் என்று எழுதி, கடைசிப் பத்திக்கு ‘வீட்டின் வயது’ என்று தலைப்புக் கொடுத்தேன். எழுத்து அழகாக வந்திருந்தது.

அந்தப் படத்தை மாட்டிய ஞாயிறு ஓடைக்கரை ஜனங்கள் ஹாலுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். “இந்தா நம்ம வீடு”, “ஏட்டி, ஒங்க ஆட்டுத் தொழுவத்தக்கூடப் போட்டிருக்காவ பாரு” என்று விரலை வைத்து வைத்துத் தேடினார்கள். படத்தில் விரல் பட்டு மை கலைந்தது. ஓவர்சியர் கரைக்குக் கல் கட்டுவதைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் பேசினார். தலைவர் எழுந்து எங்கள் இருவரையும் மெச்சினார். ரீடிங் ரூமில் நிரந்தரமாக மாட்டுவதற்கு ஒரு நல்ல நகல் வேண்டும் என்று கேட்டார். இரண்டு வாரம் உட்கார்ந்து டிரேசிங் துணியில் நகல் எடுத்து, அடியில் என் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

ஓடைக்கரையின் பெரும்பகுதி தலைவருக்குப் பட்டா நிலம் என்பது எனக்குத் தெரியாது. ஓவர்சியருக்குத் தெரியும். “தெரிஞ்சுதான் நம்பினேன். மனுஷன் ஹால் குடுத்தாரே” என்று பிற்பாடு சொன்னார்.

மழை முடிந்ததும் வழக்கு வந்தது. அந்த ஜனங்கள் சமீபத்தில் வந்து குடியேறியவர்கள் என்றும், காலி செய்ய வேண்டும் என்றும் தலைவர் வழக்குப் போட்டிருந்தார். தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். கையில் ஒரு காகிதமும் கிடையாது. ஓவர்சியர் தலைவர் வீட்டுக்குப் போய்ப் படத்தைத் திருப்பிக் கேட்டார். “அது ரீடிங் ரூம் சொத்து” என்று பதில் வந்தது. தலைவர் தரப்புச் சாட்சியாக எனக்குச் சம்மன் வந்தது.

கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில், என் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். வராந்தாவில் ஓடைக்கரை ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. “சார்வாள் வந்துட்டாவ. இனி பயமில்ல” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

கூண்டில் ஏறினேன். தலைவரின் வக்கீல் படத்தை விரித்தார்.

“இது உங்கள் கையெழுத்தா?”

“ஆமாம்.”

“இந்த விவரங்களை யார் சொன்னார்கள்?”

“அவர்களே.”

“அவர்களே டேப்பையும் பிடித்தார்களா?”

“ஆமாம்.”

“கடைசிப் பத்தியின் தலைப்பை வாசியுங்கள்.”

“வீட்டின் வயது.”

“ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வீடு ஏதாவது இதில் உண்டா?”

“இல்லை. ஆனால் அது சுவரின்…”

“உண்டா, இல்லையா?”

“இல்லை.”

ஓடைக்கரை ஜனங்களின் வக்கீல் இளவயதுக்காரர். குறுக்கு விசாரணையில், “அது சுவரின் வயதுதானே?” என்று கேட்டார். ஆமாம், சுவர் விழுந்தால் கட்டுவார்கள், இடம் பழையது என்று என்னால் ஆனமட்டும் சொன்னேன். உடனே தலைவரின் வக்கீல் மறுபடி எழுந்து, “சுவரின் வயது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா?” என்றார். எழுதவில்லை. எனக்கு வீடு என்றால் சுவரும் கூரையும்தான். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. சுவர் நாலு முறை விழுந்தாலும் அந்த ஜனங்களுக்கு அது அதே வீடு. இதை அந்தக் கூண்டில் நின்றபோதுதான் புரிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் அவர்கள் முன்னால் போய் நின்றேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உளறியிருப்பேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நீங்க கேட்டிய, நாங்க சொன்னோம். யாரும் பொய் சொல்லலையே சார்வாள்” என்றாள். அவள் புருஷன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திட்டியிருந்தால் நான் கொஞ்சம் தேறியிருப்பேன்.

தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. காலி செய்த அன்று ஓவர்சியரும் நானும் போனோம். கதவையும் நிலையையும் பெயர்த்து வண்டியில் ஏற்றினார்கள். ஓலையை அவிழ்த்துச் சுருட்டினார்கள். சுவரை யாரும் இடிக்கவில்லை. கூரை போனால் தானாகக் கரைந்துவிடும். அந்த வேலையை அவர்கள் சத்தமில்லாமல், பழகிய கைகளோடு செய்தார்கள். உதவிக்குப் போன எங்களை, “தள்ளி நில்லுங்க, மேல உழுந்துரும்” என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அப்பீல் செய்யலாம் என்று ஓவர்சியர் மனு எழுதினார். கையெழுத்து வாங்க ஆட்களைத் தேடி அலைந்தோம். சிலர் சோழபுரம் பக்கம் ஏரிப் புறம்போக்கில் கூரை போட்டிருந்தார்கள். சிலர் மகாராஜபுரத்தில் வயல் வேலைக்கு உறவுக்காரர்களிடம் போயிருந்தார்கள். இலங்கைக்குக் கப்பல் ஏறியவர்களும் உண்டு. வண்டிக்காரரும் அவர் மனைவியும் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பதினோரு கைநாட்டு சேர்ந்தபோது அப்பீலுக்கான கெடு முடிந்திருந்தது. ஓவர்சியர் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தக் கோடையில் மகன் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. இறந்துவிட்டார் என்று ஒரு கார்டு வந்தது.

ஓடைக்கரையில் பஞ்சுக் கோடவுன் வந்தது. மரம் ஒன்றுகூட வைக்கவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ரீடிங் ரூமிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஆண்டு விழாவில் ‘நகரும் நாமும்’ என்று பேச வேண்டுமாம். போனேன். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். தலைவர் முன்வரிசையில் இருந்தார், மூப்பு தட்டியிருந்தது. ஓடைக்கரை, டேப், கடைசிப் பத்தி, கூண்டு என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். யாரும் குறுக்கிடவில்லை. முடித்ததும் கைதட்டினார்கள். தலைவரும் தட்டினார். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, இரண்டு பஸ் ஒதுங்கிப் போக ரோடு எத்தனை அடி இருக்க வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். நன்றியுரையில், உள்ளத்தைத் தொடும் பேச்சு என்றார்கள்.

திரும்பும்போது, பெட்ரோல் பஞ்சத்தால் கரி அடுப்பின் வாயுவில் ஓடிய பஸ் ஏற்றத்தில் முக்கி முக்கிப் போனது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் கூட்டத்துக்கு வந்திருந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் புதுமனை வாங்கியிருக்கிறாராம்.

“ரொம்ப நல்லாப் பேசினிய. எனக்கு ஒரு பிளான் போட்டுக் குடுப்பியளா? முன்னால ரெண்டு தூணு, மேல மச்சு, காத்து வரணும்” என்றார்.

சரி என்றேன். அடுத்த வாரம் போட்டுக் கொடுத்தேன்.