சுந்தரவனத்துக்கு அக்கா கொடுத்தனுப்பிய தண்ணீர்

1997 ஜனவரி, பொங்கல் முடிந்த மறுவாரம் நானும் என் அக்கா வீட்டுக்காரரும் வங்காளத்துச் சுந்தரவனத்துக்குப் போனோம். புலி பார்க்க அல்ல. அக்காவின் ஒரே மகன் செந்தில், கோயமுத்தூர் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். அங்கிருக்கும் தீவுகளில் மோட்டார் மாட்டப் போனவன், முந்தைய மழைக்காலத்தில் படகு கவிழ்ந்து ஆற்றோடு போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார் மச்சான். அவருக்குத் தமிழை விட்டால் வேறு பாஷை தெரியாது. நான் அரைகுறையாக இந்தி பேசுவேன். கிளம்பிவிட்டோம்.

கோயமுத்தூர் செல்வபுரத்து வீட்டில் அக்கா ஐந்து லிட்டர் கேனில் சிறுவாணித் தண்ணீர் நிரப்பி, மூடியின் மேல் துணி கட்டிக் கொடுத்தாள். "இங்க தண்ணியெல்லாம் உப்பும்மா. நம்மூட்டுத் தண்ணி ஒரு சொம்பு கெடச்சாப் போதும்" என்று செந்தில் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தானாம். அவன் போன இடத்தில் ஊற்றத்தான் அந்தத் தண்ணீர். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்த மாதிரிக் காரியங்களை நான் நக்கலடிப்பவன். அக்காவுக்கு என் வாய் தெரியும். நம்மூர்க்காரர்கள் எங்கே போனாலும் சிறுவாணியைத் தூக்கிக்கொண்டு அலைவது வழக்கம்தானே, அதுதான் என்று நினைத்தேன்.

சென்னையிலிருந்து ஹவுராவுக்கு ரயிலில் 1,660 கிலோமீட்டர், 28 மணி நேரம். சியால்டாவிலிருந்து கேனிங்குக்கு லோக்கல் ரயில், 45 கிலோமீட்டர். கேனிங் படித்துறையில் மூன்று நாளைக்குச் சமையலோடு படகு 2,400 ரூபாய். காட்டுக்குள் போக அனுமதிச் சீட்டு வாங்கவே அரை நாள் ஓடிவிடும், பொறுமை வேண்டும். படகுக்காரர் நிதாய்க்கு ஐம்பது வயதிருக்கும். எதற்காக வந்திருக்கிறோம் என்று சொன்னதும் மச்சானின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

முதல் நாள் காலை 7.30க்குக் கிளம்பினோம். ஆறு போகப் போகக் கிளை பிரிந்தது. தண்ணீர் வடிந்தால் இரண்டு பக்கமும் சேறு, அதில் குச்சி நட்டு வைத்ததுபோல் மரங்களின் மூச்சு வேர்கள். மேட்டில் ஒரு முதலை வாயைப் பிளந்தபடி வெயில் காய்ந்தது. புள்ளிமான்கள் கரைக்கு வந்து தழை கடித்தன. ஓரிடத்தில் ஈரம் காயாத புலித் தடத்தை நிதாய் காட்டினார். நான் சந்தோஷத்தில் துள்ளினேன். மச்சான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலை 5.30க்கு எழுந்தேன். படகில் இருந்த பானைத் தண்ணீரில் டீசல் வாடை. எனக்கோ காப்பி இல்லாமல் பொழுது விடியாது. மச்சான் அப்போதுதான் அசந்திருந்தார். கேனைத் திறந்தேன். காப்பிக்குப் போக மிச்சத்தில் அன்றைய சோற்றுக்கு உலை வைத்தேன். கடைசி டம்ளரை நிதாய்க்குக் கொடுத்தேன். மனிதர் கண்ணை மூடிக் குடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மச்சான் எழுந்ததும் காப்பியை நீட்டினேன்.

"கேன்ல இருந்த தண்ணிங்களா?"

"பின்னே? ஒரு சொட்டு விடாமத் தீத்துப்போட்டேன். இனிச் சொமக்க வேண்டியதில்லீங்க மச்சான்!"

அவர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தார். பிறகு குடித்தார். "நல்லாருக்குங்க மாப்ள" என்றார்.

மதியம் 3.15க்கு மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் நிதாய் இன்ஜினை நிறுத்தி, அந்த இடம் இதுதான் என்று கையைக் காட்டினார். மச்சான் பலகைக்கு அடியிலிருந்து காலிக் கேனை எடுத்து, தண்ணீருக்கு மேல் கவிழ்த்து உதறினார். நாலைந்து சொட்டு விழுந்தது. மறுபடியும் உதறினார்.

நான் கேட்டேன்: "ஏனுங்க, எதுக்குங்க அது?"

சொன்னார்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்று கத்தினேன். தப்பு செய்தவன் நான், கத்தியதும் நான்.

"ஆசையாக் காப்பி போட்டுக் கொண்டாந்து நிக்கறீங்க. அப்ப எப்படிங்க சொல்றது? உங்கக்காளுக்கு மட்டும் தெரிய வேண்டாங்க" என்றவர், கேனைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அவர் தோளைத் தொடக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

மூன்றாம் நாள் மாலை கேனிங் திரும்பினோம். வீட்டில் செருப்பைக் கழற்றும் முன்பே அக்கா கேட்டாள்: "ஊத்துனீங்களா?"

"ஊத்தியாச்சு அம்மணி."

"குடிச்சிருப்பானுங்களா?"

"குடிச்சான். வயிறு நெறையக் குடிச்சான்" என்றார் மச்சான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "நீயும் குடி கண்ணு, அலைஞ்சு வந்திருக்கறே." சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது இரண்டு பேரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போகிறவர்களுக்கு: டிசம்பர், ஜனவரிதான் நல்ல காலம். படகில் குளிர் எலும்பைக் கடிக்கும், கம்பளி வேண்டும். ஆற்றில் ஓதம் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் படகு நகரும், அவசரப்படுத்தாதீர்கள். முக்கியமாக, ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிதண்ணீர் கணக்கில் கேனிங்கிலேயே ஏற்றிவிடுங்கள். அன்றைக்குப் படித்துறையில் பாட்டில் பன்னிரண்டு ரூபாய்க்கு விற்றார்கள். மச்சான் வாங்கலாமா என்று கேட்டார். கையில்தான் ஐந்து லிட்டர் இருக்கிறதே, எதற்கு என்று நான்தான் வேண்டாம் என்றேன்.