ஷூ கம்பெனிக்கு வந்த சிஸ்டர்

அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்ததும், ஷூ கம்பெனியின் பொறுப்பை அண்ணன்தான் ஏற்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவனோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே வார்டின் தலைமை நர்ஸாக இருந்த தங்கையின் முன்னால் நின்றான்.

"எனக்கு விக்கத்தான் தெரியும் பாப்பா. உள்ள இருக்குறவங்களைக் கட்டி மேய்க்க என்னால ஆகாது. நீ வா."

அப்பா படுத்த படுக்கையிலேயே வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "ஊசி போடுறவளுக்கு ஷூவைப் பத்தி என்னடா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுப்பா, கத்துக்கிறேன்" என்றாள் அவள்.

கம்பெனி அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. பள்ளிகளுக்கு ஷூ வாங்கும் பெரிய வியாபாரி, அடிப்பாகம் கழன்றுவிடுகிறது என்று மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பிவிட்டு, வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். பசை மட்டமென்று பசையை மாற்றினார்கள். அப்புறமும் ஷூ வாயைப் பிளந்தது.

அவள் வார்டில் சுற்றி வருவதுபோல மெஷின் மெஷினாக நின்று பார்த்தாள். மதியம் ஷிஃப்ட் மாறியபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. மணி அடித்ததும் காலை ஆட்கள் விழுந்தடித்து ஓடினார்கள். அடுத்தவர்கள் வந்து சுவிட்சைத் தட்டினார்கள். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை இல்லை. தடித்த தோலுக்காகக் காலையில் மெஷினில் ஏற்றிய சூட்டிலேயே மதியத்து மெல்லிய தோலும் ஓடியது. ஒட்டுவதற்கு முன்பே பசை காய்ந்துபோனது.

"எங்க வார்டுல ஒவ்வொரு கட்டிலா நின்னு அடுத்த ஆளுக்கு எல்லாத்தையும் சொல்லாம யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இனி இங்கயும் அப்படித்தான். பேசுற நேரத்துக்கும் சம்பளம் உண்டு" என்றாள்.

"இது என்ன ஆஸ்பத்திரியா மேடம்?" என்றார் மேஸ்திரி.

"ஷூவுக்குச் சீக்கு வந்திருக்குண்ணே, வைத்தியம் பாக்க வேண்டாமா?"

மேஸ்திரியே சிரித்துவிட்டார். மற்ற கடைகளிலிருந்து திரும்பி வரும் மூட்டைகள் குறைந்து, பிறகு நின்றே போயின. மேடம் என்றவர்கள் சிஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "எனக்கு மட்டுந்தான் தங்கச்சின்னு நெனச்சேன், கம்பெனிக்கே சிஸ்டராயிட்டா!" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

பள்ளி திறக்கும் பருவம் நெருங்கியது. போன வியாபாரி தானாகவே திரும்பி வந்தார். ஒரு ஷூவை எடுத்து, முகம் சிவக்க இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. முன்பு வாங்கியதைவிட இரண்டு மடங்கு கேட்டார். அன்று கைத்தடியோடு வந்து உட்கார்ந்திருந்த அப்பாவிடம், "எப்ப குடுப்பீங்க ஐயா?" என்றார், பழக்கதோஷத்தில்.

"என்னை ஏன் கேக்குறீங்க?" அப்பா கைத்தடியை மகள் பக்கம் நீட்டினார். "முதலாளி அங்க நிக்கிறா."

அண்ணன் விசிலடித்தான். அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.