பன்னிரண்டு பாஸ்போர்ட்டும் தலைமன்னார் கப்பலும்

யாத்திரை ஏற்பாடு செய்யும் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை என்றால், விரலுக்கு வேலை கொஞ்சம், காதுக்கு வேலை அதிகம். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். உங்களில் அப்படிப்பட்டவர்கள் இருந்தால், கிட்டே வந்து உட்காருங்கள். நாம் ஒரே இடத்தில் அடிபட்டவர்கள்.

எழுபதுகளின் நடுவில், எறணாகுளத்துக்கு எதிர்க்கரையில், மட்டாஞ்சேரி பஜாரில், மிளகு கிடங்குக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். நாள் முழுக்கத் தும்மிக்கொண்டேதான் டைப் அடிப்பேன். முதலாளி ஹம்சா இக்கா (இக்கா என்றால் இங்கே அண்ணன்) மூன்று பஸ் வைத்திருந்தார். ஐந்து வேளை தொழுகிற மனுஷன், ஆனால் தொழில் கோயில் யாத்திரை. மதுரையில் உச்சிகால பூஜை எப்போது, பழனியில் நடை எப்போது சாத்துவார்கள் என்றெல்லாம் குருக்களைவிடச் சரியாகச் சொல்வார்.

ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. நம் பஸ் ராமேஸ்வரம் வரை போகிறது. அங்கிருந்து கப்பலில் மூன்று மணி நேரம் போனால் தலைமன்னார். இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் திருக்கேதீச்சரம், பாடல் பெற்ற தலம். மற்றவர்கள் ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடட்டும், விருப்பமுள்ளவர்களை மூன்று நாள் சிலோனுக்குக் கூட்டிப்போய் வரலாம். பெண்களும் வருவார்கள், துணைக்கு ஒரு பெண் வேண்டும். "எடீ கலா, ஆள் பன்னெண்டு தெகைஞ்சா கைடு நீயாக்கும்" என்றார் இக்கா. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்துமூன்று வயதில் வெளிநாடு, அதுவும் ஆபீஸ் செலவில்! பஜாரில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சிவபக்தராக்கக் கிளம்பிவிட்டேன்.

உப்பு கம்மி

பதினோரு பேர் சுலபமாகச் சேர்ந்துவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆளாக நான் குறி வைத்தது சாம்பசிவ ஐயரை. பாலக்காட்டுக் குடும்பம், மிளகு கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி காமாட்சி மாமி முதல் நாளே பேர் கொடுத்துவிட்டாள். மாமாவுக்கு மட்டும் சந்தேகம். கடல் தாண்டினால் தோஷம், திரும்பி வந்தால் பந்தியில் யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்று.

இக்காவே வாதாட இறங்கினார். "சாமி தெனம் படகுத்துறையிலேர்ந்து போட் ஏறி எறணாகுளம் போறீங்களே, அதும் தண்ணிதானே?" ஐயர் அசரவில்லை. "அது காயலாக்கும். உப்பு கம்மி." இக்கா கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "சரி, ராமரே கடல் தாண்டிப் போயிட்டு வந்தாரில்லையா?"

ஐயர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "ஹம்சா, ராமர் நடந்தாக்கும் போனார். கப்பல்லே ஏறலை!"

தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்

மறுநாள் காமாட்சி மாமி பாஸ்போர்ட் பாரம் நிரப்ப வந்தாள். பிறந்த தேதி கேட்டேன். "தொண்ணூத்தொம்பது வெள்ளம் வடிஞ்சு மூணாம் நாள்" என்றாள். மலையாள வருஷம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில், இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலில், பெரியாறு பொங்கி ஊரெல்லாம் முங்கிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். சர்க்காருக்குத் தேதி வேண்டுமே! "எந்த ஊரில் வடிந்தது மாமி?" என்று கேட்டேன். பிறந்த வீட்டில் சமையலறை வரை வந்த தண்ணீர் எந்தப் படிக்கு எப்போது இறங்கிற்று என்று மாமி விரல் விட்டு எண்ணினாள். பஞ்சாங்கத்தைப் பிரித்து ஒருவழியாகத் தேதியைப் பிடித்தேன்.

"மாமா வரமாட்டாரா?" என்று மெல்லக் கேட்டேன். வருவார் என்றாள் மாமி. மூன்று நாளைக்குச் சாதம் எப்படி வடிப்பது என்று முந்தின நாள் சாயங்காலம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாளாம், அரைமணி நேரத்தில் தோஷமெல்லாம் போய்விட்டதாம். எனக்கு மாமியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பன்னிரண்டு! என் பாரத்தையும் சேர்த்து அடித்தேன், பதின்மூன்று.

கையெழுத்துப் போடும் முன் மாமி தேதியை இன்னொரு முறை பார்த்தாள். "அஞ்சு வயசு கொறச்சுப் போடுடீ. சிலோன்லே யாருக்குத் தெரியப்போறது?"

தாங்குகிறவள்

பாஸ்போர்ட் வரும் வரை சும்மா இருப்பானேன் என்று காலரா ஊசிக்கு எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஊசி போட்ட சீட்டு இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். எங்கள் கூட்டத்தில் மாணிக்கம் அண்ணாச்சி என்று ஒருவர், திருநெல்வேலிக்காரர், பஜாரில் மொத்த அரிசிக் கடை. இரண்டு ஆள் தூக்கும் மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். வரிசையில் நிற்கும்போதே அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஊசி கண்ணில் பட்டதும் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அவரை நான் மறைப்பதென்றால், கதவைத் தாழ்ப்பாள் மறைப்பது போல!

எனக்குப் போட்டாயிற்று, அவர் மனைவிக்கும் போட்டாயிற்று. அண்ணாச்சி டாக்டரின் காதருகே குனிந்தார். "எனக்குள்ளதையும் அவளுக்கே போட்டுருங்க சார், அவ தாங்குவா!"

சுள்ளிக்கல் வீட்டில்

அடுத்தது போலீஸ் விசாரணை. விலாசத்துக்குப் போலீஸ்காரர் வந்து, ஆள் இருக்கிறாரா என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார். பாஸ்போர்ட் விஷயத்தில் பாதிப்பேர் கவிழ்வது இங்கேதான். ஆகவே நான் வீடு வீடாகப் போனேன். "போலீஸ் வரும், பயப்படாதீங்க, உட்காரச் சொல்லிச் சாயா கொடுங்க, கேட்டதுக்கு ஆமான்னு சொல்லுங்க." ஐயர் வீட்டில் இரண்டு தடவை சொன்னேன், அண்ணாச்சி வீட்டில் மூன்று தடவை.

பன்னிரண்டு பாஸ்போர்ட்டும் தபாலில் வந்து சேர்ந்தன. என்னுடையது மட்டும் வரவில்லை. இக்கா விசாரித்துக்கொண்டு வந்தார். அந்த விலாசத்தில் கலாவதி என்று யாரும் இல்லை என்று ரிப்போர்ட் போயிருக்கிறதாம். பன்னிரண்டு வீட்டுக்குச் சொன்ன நான், சுள்ளிக்கல்லில் எங்கள் வீட்டுக்குச் சொல்ல மறந்திருக்கிறேன்! ஓடிப்போய்க் கேட்டேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். போலீஸ் வந்தது உண்மைதானாம், "அப்படி யாரும் இங்க இல்ல சாரே" என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதேன். திரும்ப எழுதிப் போட்டாலும் மாதக் கணக்கில் ஆகும், கப்பலோ பத்து நாளில்.

அம்மாவுக்கு என் அழுகை விளங்கவேயில்லை. "வயசுப் பொண்ணத் தேடிப் போலீஸ் வந்தா, எந்தத் தாயாச்சும் ஆமா இருக்கான்னு சொல்வாளாடீ?"

கப்பல்துறை

இக்காவிடம் ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தது. ஆட்களின் விவரமெல்லாம் நான் குறித்து வைத்திருந்த நோட்டை வாங்கிக்கொண்டு அவரே துணைக்குக் கிளம்பினார். நான் ராமேஸ்வரம் வரை போனேன். ஐயர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாமியின் கையைப் பிடித்தபடி கப்பலேறினார். மேல்தட்டிலிருந்து பன்னிரண்டு பேரும் கையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், சிரித்துக்கொண்டேதான். கப்பல் சின்னதாகிப் போகும் வரை கையை இறக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கரையில் நின்றிருந்த ஆட்டுக்குட்டி மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் திரும்பினார்கள். கோயில் வாசலில் நின்றுகொண்டு, இன்னும் பதினைந்து நிமிஷத்தில் நடை சாத்திவிடுவார்கள் என்று இக்கா எல்லோரையும் உள்ளே விரட்டினாராம். ஐயர் கடலைப் பற்றியே பேச்செடுக்கவில்லை, அடுத்து சிலோனின் இன்னொரு தலமான திருக்கோணமலை எப்போது என்று கேட்டார். மாமி முந்தானை முடிச்சை அவிழ்த்து விபூதியை எடுத்து என் நெற்றியில் இட்டாள். "உன் பேருக்கு அர்ச்சனை பண்ணினேன்டீ. கலாவதி எங்கேன்னு குருக்கள் கேட்டார். அப்படி யாரும் இல்லைன்னு அவ அம்மாவே சொல்லிட்டாளேன்னேன்!"

என் பாஸ்போர்ட் நாலு மாதம் கழித்து வந்தது. பிறகு மழைக்காலம், கப்பல் ஓடாது. அடுத்து கல்யாணம், குழந்தைகள். எண்பதுகளில் அங்கே சண்டை மூண்டு கப்பலே நின்றுபோனது. எல்லை தாண்ட எத்தனையோ காகிதம் கேட்கிறார்கள், ஆனால் முதலில் வாங்கவேண்டியது அவரவர் அம்மாவின் வாக்குமூலத்தைத்தான்.